பதினான்காம் கிலோமீட்டர்

கொலெட் முதலில் அளவைக் கேட்கவில்லை.
"போன வருஷம் எங்கே மாட்டினீங்க?"

பதினான்காம் கிலோமீட்டர் என்றேன்.
பீவர் அணை உடைத்துக்கொண்ட தாழ்வு.
அச்சுவரை சேறு.
வின்ச் கயிற்றைக் கட்ட
ஆள் கனத்தில் ஒரு மரமில்லை,
இழுத்தால் வேரோடு வரும் ஸ்புரூஸ் குச்சிகள்தாம்.
ஜில் ஒரு முழு நிமிடம் பிரெஞ்சில் வைதான்.
பிறகு மண் மாதிரிப் பைகள் நாற்பத்திரண்டையும்
இருவருமாகப் பங்கிட்டுச் சுமந்தோம்.

என் மகனைவிட இளையவள்.
காதோரம் பென்சில், கையெல்லாம் கிரீஸ்.
டிம்மின்ஸில் பாதி வண்டிகள்
இவள் கைபட்டுத்தான் காட்டுக்குள் போகின்றன.

சுவரில் சாய்ந்து நிற்கிறது சேற்று டயர்.
ஒன்றரை அங்குலப் பற்கள்,
விரல் நான்கு நுழையும் இடைவெளி,
சுழலச் சுழலத் தானே உதறிக்கொள்ளும்.
கையை வைத்ததும் வாங்கிவிடத் தோன்றியது.
"பனியில் இது மண்வெட்டி," என்றாள்.
"நின்ற இடத்திலேயே குழி எடுக்கும்."

அடுத்தது அகலமானது, பல் சிறியது.
காற்றை ஐந்து பவுண்டுக்கு இறக்கினால்
பனிமேல் வாத்துபோல் போகும்.
பாறை விளிம்பில் பக்கவாட்டுச் சுவர் கிழியும்.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
ஆறடுக்கு. அங்குலத்துக்கும் குறைவான பல்.
வேர்மேல், சரளைமேல், வழுக்குப்பாறைமேல்
சத்தமில்லாமல் ஓடும்.
எதிலும் கெட்டிக்காரனல்ல.

சேற்றுக்குத் தமிழில் எத்தனை சொல்!
சகதி, உளை, அளறு, அள்ளல், தொளி.
நடவு வயலில் முழங்கால் புதைந்தவர்கள்
ஒவ்வொரு புதைவுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்.
பனிக்கு ஒன்றுதான்.
புல் நுனியில் இருப்பதும் பனி,
விடிகாலை மூட்டமும் பனி,
இங்கே கூரையை அமுக்குகிறதே, அதுவும் பனி.
இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம்,
இன்னும் அதை ஆங்கிலத்தில்தான் திட்டுகிறேன்.

"முன்னால் அது, பின்னால் இது போட்டால்?"
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்
என்ற பழமொழி அவளுக்குத் தெரியாது.
அவள் முகத்துக்குத் தெரிந்திருந்தது.

களக் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
மே கடைசியிலிருந்து நேற்றுவரை
ஓட்டிய நாள் நூற்று முப்பத்தாறு.
சேறு பத்தொன்பது.
பனி, போன நவம்பரையும் சேர்த்து, பதினெட்டு.
மற்றதெல்லாம் கல்லும் வேரும்.
இரவில் மட்டும்
தினமும் பதினான்காம் கிலோமீட்டர்.

மூன்றாவது, என்றேன். நான்கு.
அந்தத் தாழ்வு வந்தால்
வண்டியை இப்புறமே நிறுத்திவிட்டு நடப்பேன்.
ஜில்லிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.
கொலெட் தோளைக் குலுக்கி விலையைத் தட்டினாள்.
தொகையைப் பார்த்தபோது
சேற்று டயர் மறுபடி என்னைப் பார்த்தது.

பழையவற்றை அவள் கழற்றும்போது
இரண்டாவதின் பள்ளத்தில் ஒரு கல்.
சாவியால் நெம்பி எடுத்தேன்.
நக்கிப் பார்த்தேன், தொழில் பழக்கம்.
ஈரம் பட்டதும் குவார்ட்ஸ் வெண்மை,
ஓரத்தில் மஞ்சள் மினுக்கம்.
லென்ஸை எடுத்துக் கண்ணோடு வைத்தேன்.
பைரைட்டாக இருக்கலாம்.
பைரைட்டாகத்தான் இருக்கும்.

எங்கே ஏறியது?
எந்தக் கோட்டில், எந்தக் கம்பத்தருகில்?
ஏழாயிரம் கிலோமீட்டர் சுற்றிய ரப்பரிடம்
முகவரி கேட்க முடியாது.
இடம் தெரியாத கல்லுக்குப்
பை எண் கொடுப்பதில்லை நாங்கள்.

"தங்கமா?" என்றாள், தலை நிமிராமலே.
தெரியாது என்று சட்டைப்பையில் போட்டேன்.

வெளியே வண்டி புதுக்காலோடு நின்றது,
மயிர் மயிராய் ரப்பர் துருத்திக்கொண்டு.
மழையா பனியா என்று தீர்மானிக்காத ஏதோ ஒன்று
இருக்கைமேல் விழத் தொடங்கியிருந்தது.